பார்க்காமல் இருந்தால் கரையும்

பாப்பாவின் காலை மட்டும் உங்கள் மடியில் வைத்துக்கொள்ளட்டுமா அக்கா? நீட்டிப் படுத்தால்தான் தூங்குவாள். செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டேன், சேலையில் அழுக்குப் படாது. கனமாக இருந்தால் சொல்லுங்க, மடக்கி வைத்துக்கொள்கிறேன். இந்த ஒரு மாதத்தில்தான் கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். அதற்கு முன்னால் ஓணான் மாதிரி இருப்பாள், கழுத்து மட்டும் தனியாகத் தெரியும்.

கையில் இருப்பதா? அது குளுக்கோஸ் ஏற்றுவதற்காகப் போட்டது. உள்ளே ஊசி இல்லை, மெல்லிசாக ஒரு குழாய்தான் இருக்குமாம். ஊருக்குப் போய் நானே எடுத்துவிடுவேன். வெந்நீரில் நனைத்தால் பிளாஸ்திரி தானாக விட்டுவிடும்.

இல்லை அக்கா, ஆஸ்பத்திரியில் வீட்டுக்குப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களாகத்தான் வந்துவிட்டோம்.

பிள்ளை பிடிக்கிறவளோ என்று நினைக்காதீங்க. மூக்கைப் பாருங்க, அச்சு என் மூக்கு. கனிஷ்கா என்று பேர். வீட்டில் பாப்பாதான். என் பேர் செவ்வந்தி.

நான் பேசுகிற ஆள் இல்லை அக்கா. எங்கள் வீட்டுக்காரர் திருப்பூரில் சாயப்பட்டறையில் இருக்கிறார். போன் பண்ணினால் அவரே பேசி அவரே வைத்துவிடுவார். "உன் வாயிலேருந்து ஒரு வார்த்தை வாங்குறதுக்கு ரேஷன்ல மண்ணெண்ணெய் வாங்கிடலாம்டி" என்பார். ஆனால் உங்களிடம் பேச வருகிறது. நீங்க மதுரைக்குப் போகிறீங்க, நான் துவரங்குறிச்சியில் இறங்கிவிடுவேன். அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கப்போவதில்லை. அதனால் இருக்கும்.

பாப்பாவுக்கு இரண்டு கிட்னியிலும் கல். நாலு வயசுதான் ஆகிறது. இந்த வயசிலும் வருமாம். அதைக் கரைக்கத்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். ஆஸ்பத்திரியில் இருந்தால் கரையாது. கரையாதது மட்டுமில்லை, வளரும். இதை நான் சும்மா சொல்லவில்லை. கல் வளர்வதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாராவது பார்த்திருக்கிறார்களா? இருக்காது.

எங்கள் ஊரைத் தாண்டி, பைபாஸுக்கு அந்தப் பக்கம் கருவேலங்காட்டுக்கு நடுவில் ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பெரிய காம்பவுண்டு. அங்கேதான் கூட்டித் துடைக்கிற வேலை. நான் ஆறாவதோடு நின்றவள், அதற்குமேல் என்ன வேலை கிடைக்கும். மாடியில் துடைக்கிறவர்களுக்கு வேலை கம்மி, வெயில் ஜாஸ்தி. என்னைக் கீழே போட்டார்கள், மைக்ராஸ்கோப்பு ரூமில். எல்லாருக்கும் பொறாமை. அந்த ரூமில் எப்போதும் ஏசி ஓடும்.

மைக்ராஸ்கோப்பு என்றால் பள்ளிக்கூடத்தில் கண்ணை வைத்துப் பார்ப்போமே, அது இல்லை. இது ஆளைவிட உயரம். வெள்ளைத் தூண் மாதிரி நிற்கும். அதற்குள்ளே மேலேயிருந்து கீழே எலக்ட்ரான் என்று ஒன்றை விடுவார்கள். அதுதான் அதற்கு வெளிச்சம். நம்ம டியூப்லைட் வெளிச்சத்தில் தெரியாததெல்லாம் அந்த வெளிச்சத்தில் தெரியுமாம். பார்க்கிறவர்கள் தள்ளி உட்கார்ந்து டிவி மாதிரி ஸ்கிரீனில் பார்ப்பார்கள்.

அங்கே ஒரு சட்டம் இருக்கிறது அக்கா. பார்க்க ஆரம்பித்துவிட்டால் கதவைத் திறக்கக் கூடாது. நடக்கக் கூடாது. பைபாஸில் லாரி போனாலே படம் ஆடும் என்றால் பார்த்துக்கொள்ளுங்க. முதல் வாரம் நான் அலமாரிக்குப் பின்னால் துடைத்துக்கொண்டு இருந்தேன், அவர்கள் உள்ளே வந்து ஆரம்பித்துவிட்டார்கள். நான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டியதுதானே? எனக்கு வாய் வரவில்லை. அப்படியே குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். குளிரில் தும்மல் வந்துவிட்டது. எட்வின் சார் நாற்காலியோடு சேர்ந்து குதித்தார். அவர் அங்கே டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற பையன்.

"அக்கா, நீங்க எப்ப வந்தீங்க? நான் மெஷினுக்குத்தான் சளி பிடிச்சிட்டுதுன்னு நினைச்சேன்."

வைதேகி மேடம்தான் அங்கே பெரியவர். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இனிமே வெளிய போக முடியாது. அந்த ஸ்டூல்ல உட்காரு. மூச்சு விடலாம், மத்ததெல்லாம் அப்புறம்" என்றார்.

அப்படித்தான் நான் பார்த்தேன். யாரும் எனக்குக் காட்டவேண்டும் என்று காட்டவில்லை. அதற்கப்புறம் பழகிவிட்டது. ஸ்டூலில் ஒரு செவ்வந்தி இருப்பாள் என்று அவர்களுக்கும் பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால், ஏசிக்காக நானே மெதுவாகத் துடைத்து உள்ளே மாட்டிக்கொள்வேன்.

என்ன பார்த்தேன் என்றால், இரண்டு தகடு. கண்ணாடியைவிட மெல்லிசு, ஊதினால் உடைந்துவிடும். அதற்கு நடுவில் தண்ணீர். சொட்டுத் தண்ணீர் என்று சொல்லக்கூட முடியாது, அவ்வளவு கொஞ்சம். அந்தத் தண்ணீருக்குள் வெளிச்சத்தை விட்டுப் பார்ப்பார்கள். ஸ்கிரீனில் மழைக்கு முன்னால் வானம் இருக்குமே, அந்தச் சாம்பல் நிறம். ஒன்றுமே இருக்காது. ரொம்ப நேரம் ஒன்றுமே இருக்காது. எனக்குத் தூக்கம் வரும். அப்போது ஒரு கறுப்புப் புள்ளி.

நான் தூசி என்று நினைத்தேன். துணியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன், ஸ்கிரீனைத் துடைக்க. எட்வின் சார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது தூசி இல்ல செவ்வந்தி. கல்லு. மனுஷங்க கிட்னியில வருதே, அதே கல்லு. இப்பத்தான் பிறக்குது" என்றார்.

பிறக்கிறது என்றுதான் சொன்னார். எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை.

நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்க அது வளர்ந்தது. முதலில் புள்ளி. அப்புறம் முனை வந்தது. கற்கண்டுக்கு இருக்குமே, அந்த மாதிரி முனை, நாலு பக்கமும் கத்தி மாதிரி. சத்தம் கிடையாது. அது ஒன்றையும் தின்கிற மாதிரியும் தெரியவில்லை. சும்மா இருந்தது, பெரிசாகிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதுவும் பெரிசாகிறது. எட்வின் சாருக்கு ஒரே சந்தோஷம். நான் கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டே இருந்தேன். ஏனென்றால் அந்த ஐப்பசியில்தான் பாப்பாவுக்கு முதல் ஸ்கேன் எடுத்திருந்தோம்.

அதைச் சொல்லவில்லையே. ஒன்றுக்குப் போகும்போது பாப்பா அழுதாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எங்கள் ஊர் கிளினிக்கில் வயிற்றில் பசையைத் தடவி ஸ்கேன் எடுத்தார் டாக்டர். ஒரு பக்கம் கடுகளவு கல், மறுபக்கம் சுத்தம் என்றார். தண்ணீர் நிறையக் கொடுங்க, அடுத்த மாதம் வந்து மறுபடி பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த மாதம் போனோம். மறுபடி பார்த்தார். மிளகளவு.

அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கல் என்றால் வளரும்தானே என்று நினைத்தேன்.

மேடம் ரூமில்தான் எனக்குப் புரிந்தது. ஒரு நாள் அவர் எட்வின் சாரைத் திட்டிக்கொண்டிருந்தார். வெளிநாட்டிலிருந்து யாரோ கேள்வி கேட்டிருக்கிறார்கள் போல. எட்வின் சாருக்கு எதற்கும் பயம் கிடையாது, என் பக்கம் திரும்பி, "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு உங்க ஊர்ல சொல்வாங்கல்ல அக்கா? இங்க கண்ணடி பட்டாத்தான் கல்லே வருது" என்றார்.

மேடம் சிரிக்கவில்லை. "அவன் சொல்றது விளையாட்டு இல்ல. அதுதான் நம்ம தலைவலியே. நாம பார்க்கிறதுக்காக விடற கதிர்தான் அந்தத் தண்ணியை மாத்துது. நாம பார்க்கிறதாலதான் இது வளருது. பார்க்காத இடத்துல ஒண்ணும் இருக்காது" என்றார். என்னிடம்தான் சொன்னார், என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு ஏதோ ஒரு குமிழைத் திருப்பினார். படம் நகர்ந்தது. அதே தண்ணீர், அதே தகடு, கொஞ்சம் தள்ளி. சுத்தமாக இருந்தது அக்கா. கழுவிவிட்ட தரை மாதிரி. ஒரு புள்ளி கிடையாது.

நான் மனதுக்குள் சொன்னேன், போதும், எடுத்துவிடுங்க, இந்த இடமாவது நன்றாக இருக்கட்டும். அவர்கள் எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அங்கேயும் வந்தது.

நீங்க படித்தவர் மாதிரி இருக்கிறீங்க, நீங்களே சொல்லுங்க. இதற்குமேல் என்ன வேண்டும்?

மூன்றாவது ஸ்கேனுக்கு நான் போயிருக்கவே கூடாது. எங்கள் வீட்டுக்காரர் போனில் கத்தினார், போனேன். டாக்டர் அந்த ஸ்கேன் உருளையைப் பாப்பா வயிற்றில் வைத்து அழுத்துகிறார். நான் ஸ்கிரீனைப் பார்த்தேன். அதே சாம்பல் வானம். மேடம் ரூமில் இருக்கிற அதே வானம். கல்லின் நிறம் மட்டும் மாறி வெள்ளையாகத் தெரிந்தது. டாக்டர் ஒரே இடத்தில் வைத்து வைத்துப் பார்க்கிறார். "அசையாம இரு பாப்பா, இன்னும் கொஞ்ச நேரம்" என்கிறார். போதும் டாக்டர் என்று தொண்டை வரைக்கும் வந்தது. கையை எடுங்க டாக்டர் என்று வந்தது. வெளியே வரவில்லை. உருளையை அந்தப் பக்கம் நகர்த்தினார், சுத்தமாக இருந்த பக்கம். அங்கேயும் அழுத்தி அழுத்திப் பார்த்தார். "இந்தப் பக்கமும் ஒண்ணு இருக்கும்மா" என்றார்.

முந்தின மாதம் அந்தப் பக்கம் இல்லை அக்கா. அவரே இல்லை என்று சொன்னவர்தான்.

மேடத்திடம் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவும் போனேன். என் பிள்ளைக்கு இப்படி இருக்கிறது, இங்கே விடுகிற வெளிச்சமும் அங்கே பார்க்கிற ஸ்கேனும் ஒன்றுதானா என்று கேட்க வேண்டும். வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அவர் ரூம் வாசலில் நின்றேன். அவர் கம்ப்யூட்டரில் என்னமோ அடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "என்ன செவ்வந்தி, லீவு வேணுமா?" என்றார்.

ஆமாம் மேடம் என்றேன்.

"எடுத்துக்கோ. சூப்பர்வைசர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். இதுக்குப் போயா இவ்வளவு நேரம் நின்னே?"

நல்ல மாதிரி அக்கா அவர். யாருக்கு அப்படிக் கேட்காமலே லீவு கொடுப்பார்கள். லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. பாப்பாவைப் பார்ப்பேன், உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஆனால் கேட்காததும் ஒரு விதத்தில் நல்லதுதான். கேட்காமலே பதில் கிடைத்தது. மார்கழி நடுவில் ஒரு நாள் மேடம் கதிரை நிறுத்திவிடச் சொன்னார். கல் நன்றாக வளர்ந்து நிற்கும்போது, நிறுத்து என்றார். ஸ்கிரீன் இருட்டாகிவிட்டது. மெஷின் உறுமல் மட்டும் கேட்கிறது. மூன்று பேரும் இருட்டு ஸ்கிரீனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். எட்வின் சார் கொட்டாவி விட்டார். ஒரு டீ குடிக்கிற நேரம் இருக்கும். அப்புறம் மறுபடி விட்டார்கள்.

கல்லைக் காணோம். காணோம் என்றால், இருந்தது, ஆனால் முனையெல்லாம் போய் உருண்டையாக, வாயில் போட்டுச் சப்பின மிட்டாய் மாதிரி தேய்ந்து கிடந்தது. சின்னது ஒன்று அடியோடு இல்லை. மேடம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். நடக்கக் கூடாது என்பதுகூட மறந்துவிட்டது. என் தோளைப் பிடித்து உலுக்கினார். "பார்த்தியா செவ்வந்தி, சும்மா விட்டா அதுவா கரையுது."

அந்த ரூமில் என்னை அப்படி யாரும் தொட்டதில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு அழுகையாக வந்தது. நல்ல அழுகை.

அன்றைக்கு நிறுத்தினதுதான். ஸ்கேனுக்குப் போகவில்லை. வாழைத்தண்டுச் சாறு கொடுத்தேன், பார்லித் தண்ணீர் கொடுத்தேன். எங்கள் வீட்டுக்காரர் போனில் கேட்பார்.

"ஸ்கேன் எடுத்தியா?"

"எடுத்தேன்."

"என்னவாம்?"

"சின்னதாயிட்டுதாம்."

"அப்ப சரி. தண்ணி குடிக்கச் சொல்லு."

பொய்தான். ஆனால் நடக்கப்போகிற விஷயத்தைக் கொஞ்சம் முன்னாலேயே சொல்வதில் என்ன தப்பு.

ஸ்கேன் மட்டும் இல்லை அக்கா, நானும் பார்க்கவில்லை. ஒரு தாய்க்கு அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா. குளிப்பாட்டும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு குளிப்பாட்டுவேன். இடுப்பில் சோப்புப் போடும்போது கண்ணை மூடிக்கொள்வேன். ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, "அம்மா, வந்து பாரேன்" என்று கூப்பிடுவாள். போகமாட்டேன். நீயே தண்ணீர் ஊற்றிவிட்டு வா தங்கம் என்பேன். துணியைப் பார்க்காமலே ஊறவைப்பேன், பார்க்காமலே கும்முவேன். எங்கள் பக்கத்து வீட்டு ரகமத்தக்கா ஒரு நாள் கொடியைப் பார்த்துவிட்டு, "ஏன்டி, புள்ள ஜட்டியில என்ன கறை? ரத்தமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். எனக்கு நிஜமாகவே தெரியாது.

பலன் இருந்தது அக்கா. அழுகை குறைந்தது. தை பிறந்த பிறகு வலி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. முன்னால் தெருவெல்லாம் ஓடுகிறவள், இப்போது சமர்த்தாகப் படுத்துக்கொள்வாள். சாப்பாடுதான் இறங்கவில்லை, ஆனால் சதை போட்டது. கன்னம் உப்பிக்கொண்டு, கண் இரண்டும் இடுங்கிப்போய், பணக்கார வீட்டுப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டாள். கால்கூடப் பாருங்க, விரலால் அமுக்கினால் மாவு மாதிரி குழி விழும். அவ்வளவு மெத்தென்று இருக்கிறது. எனக்கு உள்ளுக்குள் பெருமை. வெளியே காட்டவில்லை.

ரகமத்தக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. "புள்ளைக்கு ஏன்டி மூஞ்சி இப்படி வீங்கிருக்கு? ஒண்ணுக்குப் போறாளா ஒழுங்கா?"

"போறாக்கா."

"நீ பார்த்தியா?"

அந்த அக்கா கெட்டவர் இல்லை, அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்தது ஊரில் யாருக்குத் தெரியும்.

நேற்று பாப்பா வாந்தி எடுத்தாள். நிற்கவில்லை. ரகமத்தக்கா என்னைக் கேட்கவே இல்லை, ஆட்டோவைக் கூப்பிட்டுப் பிள்ளையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். நான் பின்னால் ஓடிவந்து ஏறிக்கொண்டேன். அங்கே குளுக்கோஸ் ஏற்றினார்கள். ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் சின்னப் பையன், எட்வின் சார் வயசுதான் இருக்கும். கடைசியாக எப்போது ஸ்கேன் எடுத்தீங்க என்றார். ரகமத்தக்காதான், "இவ பேசமாட்டா சார், எடுத்து ரொம்ப நாளாச்சு" என்றார்.

"காலையில முதல் வேலையா சி.டி. எடுத்துரணும். எங்க அடைச்சிருக்குன்னு தெரியணும். லேட் பண்ணக் கூடாதும்மா, புரியுதா?"

அப்போது நான் கேட்டேன் அக்கா. என் வாழ்க்கையில் ஒரு டாக்டரிடம் நானாகக் கேட்டது அதுதான். "பார்க்காம மருந்து மட்டும் குடுக்க முடியாதா டாக்டர்?" என்றேன்.

"பார்க்காமலா? கண்ணைக் கட்டிக்கிட்டு வைத்தியம் பண்ணச் சொல்றியாம்மா?" என்றார். நர்சம்மா சிரித்துவிட்டார். ரகமத்தக்காவும் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். எனக்குக் காது சுட்டது. அதற்கப்புறம் நான் ஒன்றும் கேட்கவில்லை.

இன்றைக்குக் காலையில் பாப்பாவைத் தள்ளுவண்டியில் வைத்துக் கீழே கொண்டுபோனார்கள். நான் கூடவே நடந்தேன். அதுவரைக்கும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. ஒருவேளை இது வேற மெஷினோ, படித்தவர்களுக்குத் தெரியாதா, நாம்தான் தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று. கதவுக்கு முன்னால் போனதும் அந்தச் சந்தேகமும் போய்விட்டது. கதவில் மஞ்சள் அட்டை ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு பொட்டு, சுற்றி மூன்று கறுப்பு இறக்கை, மின்விசிறி மாதிரி. மேடம் ரூம் கதவில் இருக்கிறதே, அதே அட்டை. தினமும் நான் ஈரத்துணியால் துடைக்கிற அட்டை அக்கா அது. எனக்குத் தெரியாதா?

உள்ளே வட்டமாக ஒரு மெஷின். பாப்பா என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மெஷின் போடுகிற தம்பி, "நீங்க வெளிய நில்லுங்கம்மா" என்றார்.

"நானும் கூட இருக்கேனே."

"வேணாம்மா, கதிர் உங்க மேல படக்கூடாது."

என் மேல் படக்கூடாதாம். பாப்பா மேல் படலாமாம். அவர் தெரியாமல் சொல்லிவிட்டார், எனக்குப் போதுமானதைச் சொல்லிவிட்டார். அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். நான் பாப்பாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். குளுக்கோஸ் குழாயை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னாலேயே கழற்றியிருந்தார்கள், அதுவும் வசதியாகப் போயிற்று. வாசலில் வாட்ச்மேன் கேட்கக்கூட இல்லை. தோளில் பிள்ளையோடு போகிறவளை யார் கேட்பார்கள். ரகமத்தக்கா பன்னு வாங்கக் கேண்டீனுக்குப் போயிருந்தார். பாவம், தேடிக்கொண்டிருப்பார். போனை அணைத்து வைத்துவிட்டேன்.

துவரங்குறிச்சியிலிருந்து உள்ளே போனால் எங்கள் சித்தி வீடு. சித்தி குடும்பத்தோடு கோயம்புத்தூர் போய்விட்டார்கள், சாவி என்னிடம் ஒன்று இருக்கிறது. நிலக்கடலை மூட்டை போட்டு வைக்கிற அறை ஒன்று உண்டு, ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் கை தெரியாது. அங்கே படுக்கவைத்துவிட்டு நான் வெளியே உட்கார்ந்துகொள்வேன். தண்ணீர் மட்டும் உள்ளே நீட்டுவேன். யாரும் பார்க்காமல், நானும் பார்க்காமல், சும்மா விட்டால் அதுவாகக் கரையும்.

எத்தனை நாள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மேடத்தின் கல் கண்ணுக்கே தெரியாத கல், அது டீ குடிக்கிற நேரத்தில் போய்விட்டது. இது மிளகு. இப்போது மிளகைவிடப் பெரிசாக இருக்கலாம். அந்தக் கணக்குப் போட நான் படிக்கவில்லை. இருந்து பார்க்க வேண்டியதுதான். பார்க்க என்றால், இருக்க வேண்டியதுதான்.

சுடுகிறதா? ஆமாம், காலையிலிருந்தே கொஞ்சம் சூடுதான். பஸ்ஸில் இன்ஜின் சூடு வேற.

கடைசியாக ஒன்றுக்கு எப்போது போனாள் என்றால்... நேற்று இல்லை. முந்தாநாள் போயிருப்பாள் என்று நினைக்கிறேன். அதைத்தானே அக்கா இவ்வளவு நேரமாகச் சொல்கிறேன், நான் பார்க்கவில்லை.

நல்ல தூக்கம். அலைச்சல் இல்லையா. பாப்பா. பாப்பா, அக்கா கூப்பிடுறாங்க பாரு, கண்ணைத் திற. வணக்கம் சொல்லு. நேற்றுக்கூட டாக்டருக்கு வணக்கம் சொன்னாள். கன்னத்தைத் தட்டாதீங்க அக்கா, அப்படியெல்லாம் தட்டினால் பயந்துகொள்வாள். விடுங்க. எழுந்திருக்கும்போது எழுந்திருக்கட்டும்.

ஏன் எழுந்துவிட்டீங்க? மதுரை இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது. பாப்பா கால் கீழே தொங்குகிறது பாருங்க. உட்காருங்க அக்கா.

கண்டக்டரை எதற்குக் கூப்பிடுகிறீங்க? வேண்டாம். நான் டிக்கெட் எடுத்துவிட்டேன். உங்களிடம் நம்பிச் சொன்னேன். நீங்க சத்தம் போட்டு இப்படி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி... பிள்ளைக்கு ஒன்றும் இல்லை அண்ணே, தூங்குறா. கையை எடுங்க அண்ணே, மூக்குக்கிட்டே விரலை வைத்துப் பார்க்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை. மூச்செல்லாம் வருது. விசில் அடிக்காதீங்க. எதற்கு பஸ்ஸை நிறுத்துறீங்க? எங்கே திருப்பச் சொல்றீங்க, ஆஸ்பத்திரிக்கா? நான் அங்கே வரமாட்டேன், நான் சொன்னதை இந்த அக்காவிடம் கேளுங்க, அவங்களுக்கு முழுசும் தெரியும்.

அக்கா, எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தப் பெரியவர் எழுந்து நின்று கண்ணாடியை எடுத்து மாட்டுகிறார். பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். டிரைவர்கூட மேலே இருக்கிற கண்ணாடியில் பாப்பாவைத்தான் பார்க்கிறார். பஸ்ஸில் எத்தனை கண் பாருங்க. இத்தனை நாளும் காப்பாற்றி வைத்திருந்தேன்.

மூடிவிட்டேன். முந்தானைதான், மெல்லிசு, மூச்சு முட்டாது. இழுக்காதீங்க.

கொஞ்ச நேரம் வெளியே பார்க்கச் சொல்லுங்க அக்கா. ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லுங்க. நீங்களே சொல்லிவிடுங்க. எனக்குச் சத்தமாகப் பேச வராது.